தண்டப்பத்திரமும் வாப்பாவும்

பொலிஸார் தண்டப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் எங்கள் உடப்புசல்லாவையில் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "கட்டிப்போட்டு வேலையைப் பாருங்க." அது பிழையான புத்திமதி என்று நான் சொல்ல மாட்டேன். செய்த குற்றத்துக்குத் தண்டம் கட்டுவது நியாயம். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டினால் எழுதிய தொகையோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி 28 நாட்களுக்குள் என்றால் இரு மடங்கு கட்ட வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றம்தான். ஆனால், செய்யாத குற்றத்துக்கும் அதே புத்திமதிதானா என்ற கேள்வி கடந்த வருடம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

என் வாப்பா பாடசாலை வேன் ஓட்டுபவர். ஒரு நாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பும்போது, நகரம் முடிந்து இரு பக்கமும் தேயிலை தொடங்கும் இடத்தில் பொலிஸார் மறித்தார்கள். லேசர் கருவி மணிக்கு 57 கிலோமீற்றர் காட்டியது. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, 3,000 ரூபாவுக்குத் தண்டப்பத்திரம் கொடுத்தார்கள்.

வாப்பா சிங்களம் சரளமாகப் பேசுவார். ஆனால் அவசரக் கையெழுத்தை வாசிக்கச் சிரமப்படுவார். அன்றிரவு அந்தப் பத்திரத்தை நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நகரப் பகுதிக்குள் வேக எல்லையை மீறியது குற்றம் என்றும், இடம் நகரம் என்றும் இருந்தது.

"டவுனா? என்னைய மறிச்சது போர்டுக்கு அங்கால, மதகுக்குக் கிட்டத்தானே மகள்" என்றார் வாப்பா.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. வாப்பாவின் வேனுக்கு நகரப் பகுதிக்குள் எல்லை 50. அதற்கு வெளியே 70. ஆகவே 57 என்பது பெயர்ப்பலகைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் குற்றமில்லை. உலகில் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் சாரதி என்று சொல்லப்படும் வோல்டர் ஆர்னல்டை 1896 இல் இங்கிலாந்தில் ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தாராம். மணிக்கு 2 மைல் மட்டுமே போகக்கூடிய இடத்தில் அவர் 8 மைல் வேகத்தில் போயிருந்தார். இன்று சைக்கிளுக்குப் பதிலாக ஒளித் துடிப்புகள் வாகனத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை லேசர் கருவி அளக்கிறது. கருவி வேகத்தைச் சொல்லும். ஆனால் அந்த வேகம் குற்றமா என்பதை வாகனம் நின்ற இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"மூவாயிரம்தானே, போனாப் போகுது" என்றார் சாச்சா. உம்மாவுக்கும் அதே எண்ணம்தான். வாப்பாவும் கட்டிவிடத்தான் இருந்தார். மறுநாள் ஒரு பிள்ளையின் தாய் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டார்: "நானா, வேகமா ஓட்டினதுன்னு பொலிஸ்ல புடிச்சாங்களாமே?" அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய பிள்ளை அந்த வேனில்தான் போகிறது. வாப்பா அன்று சாப்பிடாமலே எழுந்துவிட்டார். "புள்ளைகள் அமானிதம். நான் காசக் கட்டினா அத ஒத்துக்கொண்ட மாதிரித்தானே" என்றார்.

நகரிலிருந்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். அவர் முதலில் கேட்டது சட்டத்தைப் பற்றியல்ல. "உண்மையிலேயே என்ன வேகத்தில போனீங்க?" என்று கேட்டார். "அம்பத்தஞ்சு, அறுபதுக்குள்ள இருக்கும்" என்றார் வாப்பா. "அப்படியென்றால் கருவியோடு சண்டை பிடிக்க வேண்டாம். இடத்தைப் பற்றி மட்டும் கேட்போம்" என்றார். தோற்றால் தண்டம் கூடலாம், வென்றாலும் தன்னுடைய கட்டணமும் வேலை இழக்கும் நாட்களும் 3,000 ரூபாவைத் தாண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வாப்பா சம்மதித்தார். பெயர்ப்பலகையையும் மதகையும் படம் பிடித்து, இடையிலான தூரத்தை அளந்து கொடுத்தோம்.

முதல் தவணையில் பலரும் வரிசையாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிப் போனார்களாம். வாப்பா மட்டும் "நான் சுத்தவாளி" என்றாராம். இரண்டாம் தவணைக்கு மறித்த உத்தியோகத்தர் வேறு கடமையில் இருந்ததால் வழக்குத் தள்ளிப்போனது. மூன்றாம் தவணை விடுமுறையில் வந்ததால் நானும் போனேன்.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் வாப்பாவுக்குத் தமிழில் சொன்னார். அது யாரும் காட்டிய தயவல்ல. நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையும், நிரூபிக்கப்படும் வரை சுத்தவாளியாகக் கருதப்படும் உரிமையும் 13 ஆம் உறுப்புரையில் இருக்கின்றன.

சட்டத்தரணி சத்தம் போடவில்லை. எங்கே நின்றீர்கள், வேன் எந்தப் பக்கமிருந்து வந்தது, பெயர்ப்பலகை எங்கே என்று சில கேள்விகள்தான் கேட்டார். உத்தியோகத்தர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, மதகுக்கு அருகில் என்று நேர்மையாகவே சொன்னார். அவர் பொய் சொல்லி எங்களை மாட்டிவிட நினைத்தவரல்லர். அவசரத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதியவர். அந்த இடம் நகர எல்லைக்குள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நீதவான் வாப்பாவை விடுவித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

செலவுக் கணக்கு பார்த்தால் எங்களுக்கு நட்டம்தான். இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதவும் எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் வேக எல்லை அவசியமானது. பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்குத் தெரியும்: தடை பிடித்த பின் வாகனம் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 இல் போகும் வேனைவிட 70 இல் போகும் வேன் ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். பனி மூடிய எங்கள் வளைவுகளில் அந்தத் தூரத்துக்குள் ஒரு பிள்ளை வீதியைக் கடந்துவிடலாம். வாப்பாவும் அதைத்தான் சொல்வார். சட்டத்தை மதிப்பதால்தான் அதைச் சரியாகப் பிரயோகிக்கும்படி அவர் கேட்டார்.

என்னை உறுத்துவது வேறொன்று. வாப்பாவால் மூன்று நாள் வேலையை விட முடிந்தது. கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் ஒரு நாள் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அவர்கள் நியாயம் தங்கள் பக்கம் இருந்தாலும் கட்டிவிட்டுப் போவார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சட்ட உதவி ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. அப்படியொன்று இருப்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் ஒரு தண்டப்பத்திரம் வந்தால் முதலில் அதை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். இடம், நேரம், குற்றம் மூன்றையும் பாருங்கள். இரண்டாம் மொழிப் பாடத்தில் நாம் கற்கும் சிங்களம் பரீட்சைக்கு மட்டுமல்ல. எழுதியது உண்மையானால் 14 நாட்களுக்குள் கட்டிவிடச் சொல்லுங்கள். உண்மையில்லை என்றால், அந்த 14 நாட்களுக்குள்ளேயே ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.