எண்ணெய்ப் பரோட்டாவைத் தேடி அலைந்த சனிக்கிழமைகள்

எண்ணெய்ப் பரோட்டா என்றால் விருதுநகர். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அதற்காக ஊர் ஊராக அலைந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் எழுதுகிறேன்.

1985-ல் ராமநாதபுரத்திலிருந்து நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த சமயத்தில்தான் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். திருத்தங்கல், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று சுற்றுவோம். ஒருமுறை செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் வரை போய்க் கோழி சாப்பிட்டுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினோம். வீட்டில் கிடைத்த பாட்டு தனிக்கதை!

நல்ல கடையைக் கண்டுபிடிக்க நண்பர் ஒரு வழி வைத்திருந்தார். "அண்ணாச்சி, போர்டைப் பாக்காதீங்க, கல்லைப் பாருங்க" என்பார். நம் ஊர்க் கல் நடுவில் குழிந்திருக்கும். குழியில் எண்ணெய் நிற்கும். பரோட்டா அதில் வெந்து பொன்னிறமானதும் ஓரத்துக்குத் தள்ளி எண்ணெயை வடிய விடுவார்கள். வடிய விடாமல் இலையில் போட்டால் அது கடையே இல்லை. நன்றாக வெந்தது அப்பளம் போல நொறுங்கும். சால்னா ஊற்றியதும் அடங்கிவிடும். பக்கத்தில் மட்டன் சுக்காவோ ஒரு காடையோ இருந்தால் வேறென்ன வேண்டும்?

எங்கள் பயணம் எப்போதும் சனிக்கிழமைதான். சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்காரர்களுக்கு வாரச் சம்பளம் கிடைக்கும் நாள் அது. பட்டாசு ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். வாரம் முழுவதும் நெருப்புக்குப் பயந்து வேலை பார்த்தவர்கள், சனிக்கிழமை ராத்திரி கொதிக்கிற கல்லைச் சுற்றிப் பிள்ளைகுட்டிகளோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்கிய சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் நிச்சயம் உண்டு. அந்தக் கூட்டத்தில் இடம் பிடித்துச் சாப்பிட்ட பரோட்டாவுக்குத் தனி ருசி.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பேரியம் சேர்க்கக் கூடாது என்றதும், எதை வைத்து வெடி செய்வது என்று தெரியாமல் ஆலைகள் அடைத்துக் கிடந்தன. அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்குப் போனோம். கல் சூடாக இருந்தது, ஆள் இல்லை. மாஸ்டர் பிசைந்த மாவில் பாதியை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். "வேல இருந்தாத்தான அண்ணாச்சி பரோட்டா" என்றார். நண்பர் அன்று ஒன்றுக்கு மேல் சாப்பிடவில்லை.

இப்போது நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே போகிறது. காரில் வருகிறவர்கள் ஊருக்குள் நுழையாமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு டாக்டர் இரண்டு பரோட்டாவுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு அதுவும் இல்லை, இட்லிதான். ஆனாலும் கூட வருவார்.

உங்களுக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பேப்பரைப் பார்க்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை இருட்டியபின் பரோட்டாக் கடைக்கு வாருங்கள். கூட்டம் முண்டியடித்தால் சந்தோஷமாகக் காத்திருங்கள். ஊரில் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.