ஊரோடு வந்த தொழில்

ரொறன்ரோவுக்கு வடக்கே, வூட்பிரிட்ஜில், எங்கள் தெருவிலுள்ள இத்தாலிப் பெரியவர்களிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கட்டட வேலை என்றுதான் பதில் வரும். ஒருவர் மேசன், ஒருவர் தச்சர், மற்றவர் சீமெந்து பூசியவர். வூட்பிரிட்ஜ் அடங்கிய வாகன் நகரில், 2016 குடிசன மதிப்பின்படி, ஏறக்குறைய 30 வீதமானவர்கள் இத்தாலிய வம்சாவளியினர். இவ்வளவு பேர் எப்படி ஒரே துறைக்குள் வந்து சேர்ந்தார்கள்?

பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்துதான் என் தேடல் தொடங்கியது. எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க மொசைக் தரை போட்டவர். பித்தளைப் பட்டிகளால் கட்டம் பிரித்து, சீமெந்துடன் பளிங்குச் சில்லுகளைக் கலந்து கொட்டி, உருளையால் அழுத்தி, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு முரட்டுக் கல்லால் தேய்க்க வேண்டும். ஊசிமுனை அளவுத் துளைகள் தெரியும். அவற்றைச் சீமெந்துப் பசையால் அடைத்து, நுண்ணிய கல்லால் மறுபடியும் தேய்க்க வேண்டும். தன் வீட்டு நிலவறைத் தரையில் அந்தப் பட்டி ஒன்றை விரலால் தடவிக் காட்டினார். தரையும் பட்டியும் ஒரே மட்டம். எது எங்கே முடிகிறதென்று விரலுக்குத் தெரியவில்லை. அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். பிரியூலி என்றார்.

வடகிழக்கு இத்தாலியின் அந்தப் பகுதியில் தாலியமென்தோ, மெதுனா ஆறுகள் மலையிலிருந்து பல நிறக் கூழாங்கற்களைக் கொண்டுவந்து குவிக்கின்றன. செக்குவால்ஸ், ஸ்பிலிம்பெர்கோ ஊர்க்காரர்கள் அந்தக் கற்களைக் கொண்டே வெனிஸ் மாளிகைகளுக்குத் தரை போட்டார்கள். பாரிஸ் ஒபேரா மாளிகையின் மொசைக் வேலையைச் செய்த பக்கீனா என்ற கலைஞர் செக்குவால்ஸ்காரர்தான். ஸ்பிலிம்பெர்கோவில் 1922இல் தொடங்கிய மொசைக் பள்ளி இன்றும் நடக்கிறது.

வரலாற்றாசிரியர் ஜான் சுக்கி, ரொறன்ரோ இத்தாலியர் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில், ஓர் ஊர்க்காரர் ஒரே தொழிலில் சேரும் இதே ஒழுங்கை வேறு ஊர்களிலும் காட்டுகிறார். சிசிலியின் தெர்மினி இமெரேசேயிலிருந்து வந்தவர்கள் பழ வியாபாரத்தில் இறங்கினார்கள். லவுரென்சானாவிலிருந்து வந்தவர்களில் பலர் இசைக் கலைஞர்கள். முதலில் வந்தவர் பிடித்த தொழிலுக்குள் அவர் ஊர்க்காரர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்த விளக்கம் போதாது. 1951இல் ரொறன்ரோவில் சுமார் 27,000 ஆக இருந்த இத்தாலியர், 1961இல் சுமார் 140,000 ஆனார்கள். இவர்களில் பெரும்பாலானோர் கலாப்ரியா, அப்ருட்சோ, மொலிசே போன்ற தெற்குப் பகுதிகளின் ஏழை விவசாயிகள். மேசன் கரண்டி பிடித்தறியாதவர்கள். அப்போது நகரம் புறநகர்களாகப் பரந்துகொண்டிருந்தது. வீடு, கழிவுநீர்க் குழாய், சுரங்க ரயில் என்று எங்கும் ஆள் தேவைப்பட்டது; மண் வெட்ட ஆங்கிலம் தேவைப்படவில்லை. வீட்டுக் கட்டுமானத்தில் துணை ஒப்பந்தக்காரர்களின் ராச்சியம். கூலிக்குக் கொடுத்த காசோலை வங்கியில் திரும்பி வரும். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் துண்டுக் கணக்குக்குத் தைத்து அடுப்பெரித்தார்கள்.

1960 மார்ச் 17ஆம் திகதி இரவு, ரொறன்ரோவின் ஹாக்ஸ் ஹாலோவில் டொன் ஆற்றுக்குக் கீழே குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் தீப்பிடித்தது. உள்ளே தீயணைப்புக் கருவி இல்லை. தொழிலாளரிடம் டோர்ச் லைட் இல்லை. ஐந்து இத்தாலிய இளைஞர்கள் இறந்தார்கள்: பஸ்குவாலே அல்லெக்ரெட்சா, ஜொவான்னி கரிலியோ, ஜொவான்னி பூசில்லோ, அலெஸ்ஸாந்த்ரோ மந்தெல்லா, குயிதோ மந்தெல்லா. கடைசி இருவரும் அண்ணன் தம்பி. இதை விபத்து என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இத்தாலியத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தங்கள் செய்தார்கள். ஒன்ராறியோ அரசு விசாரணைக் குழு அமைத்து, தொழிற் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தியது.

ஆக, தேடலில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தரை போட்டவர் தொழிலை ஊரிலிருந்தே கொண்டுவந்தார். மண் வெட்டியவருக்கு அதை இந்த நகரம் கொடுத்தது. இந்தப் புறநகர்கள் இரண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கின்றன.

வேலையில் உயிரிழந்த இத்தாலியத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தேடிச் சேர்த்து, 2016இல் ரொறன்ரோவின் இத்தாலியச் சமூக நிலையமான கொலம்பஸ் சென்ரரில் நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். அப்படிச் சேர்த்துவைக்க நம்மிடமும் கதைகள் உண்டு. இதே நகரத்தின் இத்தாலிய உணவகங்களில், சமையலறைக்குள் பல ஆண்டுகள் நின்று பாஸ்தா வேகவைத்த தமிழர்கள் பலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முதல் வேலை எது, யார் சேர்த்துவிட்டார்கள், மணிக்கு என்ன கூலி என்று அவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.