திறக்க மறுத்த சன்னல்

புதுவீடு கட்டுவோர் பலர், கையிருப்பு கரைந்துவிட்ட கடைசிக் கட்டத்தில் வர்ணப்பூச்சை அவசரமாக முடித்துவிடுகின்றனர். அந்த அவசரத்தின் விலையை நான் அறிவேன். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

மகளின் திருமணத்திற்கு முன்னர்க் குடிபுக வேண்டும் என்ற எண்ணத்தில், ஐப்பசி மழையின் நடுவே சன்னல்களைப் பொருத்தி, மறுவாரமே உட்புற மரத்திற்கு வர்ணம் பூசச் செய்தேன். "மரத்தில் ஈரம் இருக்கிறது பாய், கொஞ்சம் பொறுங்கள்" என்றார் தச்சர். நான் செவிசாய்க்கவில்லை.

குடிபுகுந்த மூன்றாம் நாள் மழை கொட்டிற்று. சன்னல்களையெல்லாம் அடைத்துப் படுத்தோம். நள்ளிரவில் என் தாயாருக்கு இளைப்புக் கண்டது. அறையெங்கும் வர்ணத்தின் நெடி. ஓடிச்சென்று சன்னலைத் தள்ளினேன், அசையவில்லை. சரிவரக் காயாத வர்ணம் கதவைச் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. ஈரத்தில் மரமும் உப்பியிருந்தது. திருப்புளியால் நெம்பித் திறப்பதற்குள் அவர்கள் பட்ட பாட்டை இன்றும் மறக்க இயலவில்லை. "காற்று வரத்தானே வாப்பா சன்னல் வைப்பார்கள்?" என்று விடிந்தபின் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

திருமணத்திற்கு வந்தோர் சன்னல்களின் பளபளப்பைப் பாராட்டினர். எனக்கு அது இனிக்கவில்லை. சித்திரை வெயிலில் அதே வர்ணம் கொப்புளித்து உரிந்தது. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழி தேடியதே காரணம். எல்லாவற்றையும் சுரண்டியெடுத்து, இம்முறை தச்சர் சொன்னபடியே நடந்தேன்.

மரம் நன்கு உலர்ந்தபின், உப்புத்தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பிசின் கசியும் கணுக்களில் அரக்குக் கரைசல் பூச வேண்டும். இன்றேல் பின்னர் மஞ்சள் கறை தோன்றும். தேக்காயின், தின்னர் நனைத்த துணியால் அதன் எண்ணெய்ப் பசையைத் துடைத்தல் நலம். பிறகு பிரைமர், ஆணித் துளைகளுக்குப் பட்டி, மீண்டும் தேய்ப்பு, அதன்பின் மெல்லியதாக இரண்டு பூச்சு. கதவின் மேல், கீழ் விளிம்புகளை மறவாதீர்கள். கண்ணில் படாத அவ்விடங்களே நீரை மிகுதியாக உறிஞ்சும். கீல்களில் வர்ணம் படலாகாது. காலையில் பூசி, காயும்வரை திறந்தே வைத்திருங்கள்.

இன்னொன்று: வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய வர்ணத்தைச் சுரண்ட நேர்ந்தால், நனைத்தே தேயுங்கள். அத்தூளைக் குழந்தைகள் அணுக விடாதீர்கள்.

இப்போது எங்கள் சன்னல் ஒரு விரல் பட்டாலே திறக்கிறது. தாயாரின் கட்டிலை அதன் அருகிலேயே போட்டிருக்கிறேன்.