அம்மாவின் கத்தரிப்பூ ரயில்

வானொலியில் நிறத்தைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். 'ஊதா' என்றால் பல நேயர்களுக்கு மனத்தில் எதுவும் விரிவதில்லை. 'கத்தரிப்பூ நிறம்' என்றால் உடனே ஒரு சேலை கண்முன் வந்துவிடும். இதை நான் கற்றது அம்மாவிடம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் எம்ஆர்டி பாதைகளுக்கு நிறத்தை வைத்தே பெயர் சூட்டியிருந்தார். தேக்காவுக்குப் போகும் வடகிழக்குப் பாதை, 'கத்தரிப்பூ ரயில்'. 2024 ஜூனில் எங்கள் மரின் பரேட் வரை வந்த தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதை, 'காப்பி ரயில்'. ஊட்ரம் பார்க்கில் ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏற வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வரைபடம்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சிக்குத் தயாராகும் நேரத்தில் அம்மா அழைத்தார். தேக்காவிலிருந்து வீடு திரும்ப வேண்டியவர் ஹார்பர்ஃபிரண்ட்டில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார்.

"காப்பிக் கலர் அம்புக்குறியைப் பாத்துத்தான் போனேன், கண்ணு."

"போர்டைச் சரியாப் பாக்கக் கூடாதாம்மா?" என்று எரிந்து விழுந்தேன். சற்று நேரத்தில் அதே வாயால், முகம் தெரியாத நேயர்களிடம் கனிவாகப் பேசினேன்.

அதன் பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. நல்ல மங்குஸ்தான் பழங்களை, "பழுத்துப் பழுப்பாயிடுச்சு" என்று ஒதுக்கினார். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள். காப்பி நிறச் சேலைக்கு ஊதா ரவிக்கைத் துணி வாங்கிவந்து, "எவ்வளவு பொருத்தம் பாரு" என்றார்.

கண் மருத்துவர் கண்புரை என்றார். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகும், முற்றினால் பழுப்பாகவே மாறிவிடும். அது நீல, ஊதா ஒளியை உள்ளே விடாது. ஊதாவிலிருந்து நீலம் கழிந்தால் மிஞ்சுவது மங்கிய செம்பழுப்பு. ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால் பார்ப்பவருக்கே தெரியாது. நிறங்களோடே வாழ்ந்த ஓவியர் கிளாட் மோனேவையும் இதே கண்புரை படுத்தியது. அவர் 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

ஆக, அம்மா கவனக்குறைவாக இருக்கவில்லை. தன் கண் காட்டிய காப்பி நிறத்தை நம்பித்தான் போயிருக்கிறார்.

முதலில் வலக்கண்ணில் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்ததும் அம்மா சமையலறைக்குப் போனார். ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுல கத்தரிக்கா. அந்தக் கண்ணுல கருவாடு!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா கடைசியாக வாங்கித் தந்த பட்டுச்சேலையை, சாயம் போய்விட்டது என்று சில ஆண்டுகளாகக் கட்டாமல் வைத்திருந்தார். சாயம் போகவே இல்லை. பளிச்சென்ற கத்தரிப்பூ நிறம். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை.

வீட்டில் பெரியவர்கள் நிறத்தை மாற்றிச் சொன்னால், திருத்துவதற்கு முன் ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நான் முதலில் திட்டினேன், பிறகுதான் அழைத்துப் போனேன்.

இரண்டாவது கண்ணும் சரியான பிறகு, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா தேக்காவுக்குக் கிளம்பினார். நானும் துணைக்குப் போனேன். ஊட்ரம் பார்க்கில் கைப்பேசியைப் பார்த்தபடி நடந்த நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"போர்டைச் சரியாப் பாத்து வா, கண்ணு!"