முல்லைத்தீவுக் கரையில் குளிரைத் தேடி

வவுனியாவிலிருந்து ஏ-9 சாலையில் வடக்கே சென்று, மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகச் சுமார் 50 கிலோ மீட்டரில் முல்லைத்தீவு. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப் பேரலை வாரிச் சென்ற கரை இது. 2009 மே மாதம் போர் முடிவுற்ற மண்ணும் இதற்கு அருகில்தான். இன்று இங்கே மீண்டும் படகுகள் வரிசையாக நிற்கின்றன.

பொழுது விடிந்த சற்று நேரத்தில் ஒரு பைபர் படகு கரை சேர்ந்தது. அதில் ஒரு ரெஜிபோம் பெட்டி. ஐஸ் முழுவதும் நீராகி, அறக்குளா மீன்கள் அதில் மிதந்துகொண்டிருந்தன.

"ஐஸ் போதவில்லையா அண்ணை?" என்றேன்.

"ஐஸ் தாறவர்தான் தம்பி மீனும் வாங்கிறவர். விலையும் அவரே சொல்லுவார். பின்னேரம் வரைக்கும் மீனை வச்சிருக்க ஏலுமெண்டால், நாங்களும் ஒரு விலை சொல்லுவம்."

அந்தப் பதிலில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. குளிர் யாரிடமோ, விலையும் அவரிடம்!

வாசகர்கள் கேட்கலாம், படகிலேயே ஒரு குளிர்பதனப் பெட்டி வைத்தால் என்ன? சின்னப் படகில் அதற்கு மின்சாரமும் இல்லை, இடமும் இல்லை. உப்புக் காற்று இயந்திரத்தை அரித்துவிடும். ஆனால் வேறு வழி உண்டு. நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கலந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரியில்தான் உறையும். பெரிய படகுகளில் என்ஜின் ஓடும்போதே இத்தகைய உப்பு நீரைத் தட்டையான உலோகப் பெட்டிகளில் உறைய வைக்கிறார்கள். என்ஜின் நின்ற பின்பும் அது பல மணி நேரம் குளிர் தரும்.

வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று கரையில் சூரிய மின்சாரத்தால் பகலில் அந்தப் பெட்டிகளை உறைய வைத்தால், இரவில் கடலுக்குப் போகிறவர் கையோடு எடுத்துச் செல்லலாமே! அதுவரை தடித்த சுவருள்ள பெட்டி, இறுக்கமான மூடி, மீனின் எடைக்குச் சமமாக நொறுக்கிய ஐஸ், நிழலுக்கு ஒரு நனைந்த சாக்கு, இவையே துணை.

இது மீனவர் கவலை மட்டுமன்று. சூரை போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். உண்டவருக்கு முகம் சிவந்து உடல் அரிக்கும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது.

நான் திரும்பும்போது தராசு வந்துவிட்டது. அண்ணை விலை கேட்கவில்லை. பெட்டியைக் கழுவத் தொடங்கினார்.