டீச்சராச்சியோட லை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஆச்சி போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு. அம்மாவோட அம்மா. தென்காசிப் பக்கம் சின்ன ஊரு. ஊருக்கெல்லாம் 'டீச்சர்', பேரப்பிள்ளைங்களுக்கு 'டீச்சராச்சி'. 1965-ல ஊராட்சி ஒன்றியப் பள்ளியில சேர்ந்து 2003-ல 58 வயசுல ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ்தான். "பெரிய கிளாஸ் யாரு வேணாலும் எடுக்கலாம்லே, அனா போட வைக்கதுதான் பாடு" என்பார்கள். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைச்சு போர்டுக்குப் பூசுறதுல இருந்து எல்லாம் அவங்க கைவேலை.

அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சென்னையில வேலை. அதனால அஞ்சாப்பு வரைக்கும் நான் ஆச்சி வீட்டில். ரிட்டயர் ஆன டீச்சருக்கு மிச்சமிருந்த ஒரே மாணவன் நான்தான், கொடுமையைக் கேளுங்க! தினமும் காலையில தினத்தந்தி தலைப்புச் செய்திகளை வாசிச்சு டிக்டேஷன். ழ வராட்டி இட்லி வராது. (சும்மா சொன்னேன். இட்லி வரும், சட்னிதான் லேட்டாகும் :-))

1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டு ஆணை போட்டப்போ, ஆச்சிக்கு 33 வயசு. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி இருந்த லை, ணை, ளை, னை, சுழிச்சு எழுதுற ணா, றா, னா எல்லாம் மாறிடுச்சு. மொத்தம் 13 எழுத்து. பிள்ளைங்களுக்குப் புது எழுத்துதான் போர்டுல போட்டாங்க. ஆனா பால் கணக்கு, கடிதாசி எல்லாத்துலயும் பழைய தும்பிக்கைதான். "அது சர்க்காருக்கு, இது எனக்கு."

2014-ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டலுக்கு வாராவாரம் இன்லாண்ட் லெட்டர் வரும். ரூம்மேட் ஒருத்தன் எடுத்துப் பாத்துட்டு, "என்னடா இது, யானை படம் போட்டு அனுப்புறாங்க?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரியே ஆச்சிக்கு போன் போட்டு, "லெட்டர் எல்லாம் வேண்டாம் ஆச்சி, உங்க எழுத்து இங்க யாருக்கும் புரியலை, போன்ல பேசிக்கலாம்"னேன். "சரிய்யா"ன்னாங்க. அதோட லெட்டர் நின்னுபோச்சு. எனக்கும் அது பெரிசாத் தெரியலை.

வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஒரு லீவுல, யூனிகோடுல பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான், ஃபான்ட் மாத்தினா உருவம் மாறும்னு அவங்ககிட்ட பெருமையா அளந்தேன். அவரைக்காய் ஆய்ஞ்சுகிட்டே கேட்டாங்க: "அப்ப உள்ளுக்குள்ள ரெண்டும் ஒண்ணுதானாக்கும்?"

"ஆமா ஆச்சி."

"ம்."

போன மாசம் அம்மாவும் நானும் ஆச்சியோட டிரங்குப் பெட்டியை ஒழிச்சோம். பென்ஷன் புத்தகம், மாமா கல்யாணப் பத்திரிகை, அதுக்கு அடியில ஒரு இன்லாண்ட் லெட்டர். என் ஹாஸ்டல் விலாசம், 2014 தேதி. நான் போன் பண்ணினதுக்கு அடுத்த வாரம் எழுதினது. நீல மையில எழுதிட்டு, சிவப்பு மையில திருத்தியிருக்காங்க. தும்பிக்கை லையை எல்லாம் ஒண்ணொண்ணா அடிச்சு, மேலே புது லை. 'தலை', 'வேலை', 'இல்லை'. ரெண்டாங்கிளாஸ் பையன் நோட்டைத் திருத்துற மாதிரி. பாதிப் பக்கத்துக்கு மேல திருத்தவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

திருத்தாத கடைசி வரியில, தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லியிருந்தாங்க. அந்த லையில தும்பிக்கை அப்படியே இருக்கு.