சீசன் இல்லாத நாட்கள்

லெந்து என்கிற தவக்கால நாட்கள் எங்கள் ஊருக்குத் தப்பான நேரத்தில்தான் வரும். சாம்பல் புதன் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ விழும். குற்றாலத்தில் அப்போது தண்ணீர் இருக்காது. ஆனி, ஆடியில் சாரலும் கூட்டமும் எண்ணெய் மணமுமாகக் கிடந்த மெயின் அருவிக்கரை மாசி கடைசியில் வெறிச்சோடிக் கிடக்கும். சிப்ஸ் கடைகளில் பாதி பூட்டியிருக்கும். ஜூலையில் கண்ணுக்கே தெரியாத பாறை இப்போது உச்சியிலிருந்து அடிவரைக்கும் தெரியும். ஓரத்தில் ஒரு நூல் தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான். தென்காசிக்காரர்கள் நாங்கள் நிம்மதியாகக் குற்றாலம் போவது இந்த நாட்களில்தான். உட்கார இடம் கிடைக்கும்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து என்றால் முதலில் 'விடுவது' பற்றித்தான் பேச்சு. கறி மீன் கிடையாது. கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஒருவர் காபியை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். பேரப்பிள்ளைகள் இப்போது இன்ஸ்டாகிராமை விடுகிறார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிடியரிசி வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் எனக்கு வயதாக ஆக ஒன்று தெரிகிறது: விடுவது சுலபம். அதற்குக் கணக்கு வைக்கலாம். ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள். நாற்பது முடிந்தால் மட்டன் குழம்பு. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் ஒரே பகுதியில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் கணக்கு கிடையாது. அதனால்தான் அது யாருக்கும் ஓடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லெந்து சனிக்கிழமை சாயங்காலங்களில் ஓய்வுநாள் பள்ளியின் பெரிய பிள்ளைகள் சிலர் நோட்டோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஒரு பகுதியை மூன்று தடவை சத்தமாக வாசிப்போம். பிறகு அவரவருக்கு வந்ததைச் செய்யலாம். பாட்டு கட்டலாம், படம் போடலாம், அந்த இடத்தில் நின்ற ஒருவர் பேசுகிற மாதிரி எழுதலாம். எழுதியதை வாசித்துவிட்டு ஜெபம் பண்ணுவோம். "வேதத்தை வைத்து விளையாடுகிறதா?" என்று சபைப் பெரியவர்கள் சிலர் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் மேலகரத்தைக் காட்டுவேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில்தான் மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். வசந்தவல்லி பந்தடிக்கிறாள், பவனி வரும் குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள், குறத்தி வந்து மலை வளம் சொல்லிக் கைபார்க்கிறாள், சிங்கன் வயல்வெளியில் பறவைக்குக் கண்ணி வைக்கிறான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது. குறவஞ்சி என்றாலே இன்றுவரை நினைவுக்கு வருவது இதுதான்.

திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரை, சிறுபிள்ளையாக இருக்கும்போதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அந்த சாஸ்திரியார் இதே குறவஞ்சி வடிவத்தில் வேதத்தை வைத்து 1800இல் பாடியது பெத்லகேம் குறவஞ்சி. சீயோன் மகள் தேவமோகினி பெத்லகேம் நாதர் மேல் காதல் கொள்கிறாள். குறி சொல்ல வருகிற குறத்திதான் விசுவாசம். சிங்கன் ஞானச் சிங்கனாகி ஆத்துமாக்களைப் பிடிக்கக் கண்ணி வைக்கிறான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அன்றைய புதுக் கல்வியையும் நடுவில் நுழைத்துவிட்டார், அது தனிக் கதை. எனக்குப் பிடித்தது சிங்கன்தான். கலிலேயா ஏரிக்கரையில் இயேசு கூப்பிட்டது மீனவர்களை. மனுஷரைப் பிடிக்கிறவர்கள் ஆக்குவேன் என்றார். சாஸ்திரியார் அந்த வேலையைப் பறவை பிடிக்கிறவன் கையில் கொடுத்துவிட்டார். வேதத்தை அவர் எவ்வளவு நேரம் மனசுக்குள் போட்டு உருட்டியிருந்தால் இது வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பாடல்கள் இல்லாமல் இன்று எங்கள் ஆராதனை நடக்காது. விளையாட்டு என்று அப்போது சொல்லியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

கத்தோலிக்க நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். வேதத்தைக் கற்பனையில் காண்பது அவர்களிடம் பழைய சரக்கு. 1548இல் அச்சான இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில், நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகிற பாதையைக் கண்முன் கொண்டுவரச் சொல்வார்: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடும் பள்ளமுமா? பிறகு குகை பெரிதா சிறிதா என்று பார்க்கச் சொல்வார். இஞ்ஞாசியாரின் இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணி பாடியதில் என்ன ஆச்சரியம்? நான் கண்ணை மூடினால் எனக்கு வருவது இலஞ்சி ரோடுதான். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் நீலமாக மலை. பாலஸ்தீனத்தை நான் பார்த்ததில்லை. மரியாளை இந்த ரோட்டில் நடக்கவிட்டால்தான் அவள் கால் வலிக்கிறது என்று எனக்கு உறைக்கிறது.

ஒரு லெந்தில் பிள்ளைகளை மெயின் அருவிக்கே கூட்டிப்போனேன். பகுதி 42ஆம் சங்கீதம். மான் நீரோடைக்குத் தவிக்கிற சங்கீதம் என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டிக்கரில்கூட மான் படம் போட்டு விற்கிறார்கள். பலரும் அந்த முதல் வசனத்தோடு நின்றுவிடுவார்கள். ஏழாம் வசனம் வரை போனால் அருவி வருகிறது. ஆழம் ஆழத்தைக் கூப்பிடுகிறது, அலையெல்லாம் தன்மேல் புரண்டுபோகிறது என்கிறான் பாடுகிறவன். தாகத்தில் தொடங்கியவன் ஆறு வசனம் தாண்டி மூழ்கிக்கொண்டிருக்கிறான். ஒரே சங்கீதத்தில் எப்படி இரண்டும்?

வாத்தியார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பையன் பாறையின் நடுவே பொங்குமாங்கடலைக் காட்டினான். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் நேராகக் கீழே வராது. நடுவில் அந்தக் குழியில் விழுந்து, பொங்கி, அங்கிருந்து மறுபடி குதிக்கும். "இப்பம் காஞ்சு கிடக்கு தாத்தா. ஜூலையில இதே பாறைதான் ஆளைத் தூக்கிட்டுப் போயிரும், போலீஸ்காரங்க குளிக்கத் தடை போடுவாங்க. ரெண்டும் ஒரே பாறைதானே?" என்றான். அன்று சங்கீதத்துக்கு உரை அவன் சொன்னதுதான். எர்மோன் மலைப்பக்கம், யோர்தான் தண்ணீர் புறப்படுகிற திசையில் நின்றுகொண்டு, தேவாலயத்தை நினைத்து அழுகிறவன் பாட்டு அது. தண்ணீரின் பக்கத்தில் நின்றுகொண்டே தாகம் எடுக்கிறவன் அவன். பையன் அந்தக் குழியை மட்டும் பென்சிலில் வரைந்தான். மான் போடவில்லை.

வேதாகமம் முழுவதையும் கைப்பட எழுதி முடிக்கிற பெண்கள் எங்கள் சபைகளில் உண்டு. நோட்டு நோட்டாக அடுக்கி, தைத்து, கோயிலில் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை அதிகாரம் ஆச்சு என்ற போட்டி வந்துவிட்டால் அதுவும் காபியை விட்ட கணக்குதான். குற்றாலத்திலேயே கடைசிவரை வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யிடம் கம்பன் பாட்டு கேட்டவர்கள் சொல்வார்கள்: ஒரு பாட்டை எடுத்தால் லேசில் விடமாட்டார், திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு சொல்லையும் ருசிக்கவைப்பார் என்று. அவர் கிறிஸ்தவர் இல்லை. லெந்தில் வேதம் வாசிக்க எனக்குத் தெரிந்த நல்ல முறை அவருடையதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் அப்படி ருசித்தவர்தான். ஆங்கிலத்தில் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்க அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது. அந்தக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் 1894இல்தான் நூலாக வந்தது.

வேதத்தை இப்படிக் கற்பனையோடு ருசிப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வெறும் பாட்டு ரசிகன் ஆகிவிடுவேன். சாஸ்திரியாரை இவ்வளவு புகழ்ந்தேன். 1820களில் தஞ்சாவூருக்கு வந்த புது மிஷனரிமார், சபைக்குள் சாதிவாரியாக உட்காருவதையும் நற்கருணை வாங்குவதையும் மாற்றப் பார்த்தபோது அதை எதிர்த்து எழுதியவர்களில் முன்னால் நின்றவரும் அவர்தான். தேவமோகினியை அந்த அழகோடு பாடின மனசுக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவன் தெரியவில்லை. கற்பனை வளம் மட்டும் மனந்திரும்புதல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் பிள்ளைகளிடம் நான் வைக்கிற நிபந்தனை ஒன்று. பாடுகளின் கதையை எழுதும்போது உனக்குப் பிடித்த ஆளாக நிற்காதே. எல்லாருக்கும் சிலுவையைத் தூக்கின சிரேனே ஊரானாகிய சீமோனாக நிற்க ஆசை. பெண்பிள்ளைகளுக்கு அழுகிற எருசலேம் குமாரத்திகளாக நிற்க ஆசை. பிலாத்துவாக நில். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாலும் கை கழுவினானே, அந்தத் தண்ணீர் குளிர்ந்திருந்ததா? கை துடைக்கத் துணி யார் கொடுத்தார்கள்? கொடுத்தவனுக்கு என்ன தோன்றியது? சீசன் வந்தால் ஊர் ஜனமெல்லாம் குளிக்க வருகிற இடத்தில் இருக்கிறோம். இந்தக் கேள்வி நமக்குத்தான் வரவேண்டும்.

பேதுரு காதை வெட்டின, பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸை ஒரு சின்னப் பெண் எடுத்துக்கொண்டாள். "இயேசு தொட்டுச் சரியாக்கின காதில அவன் முதல்ல என்ன கேட்டிருப்பான் தாத்தா?" என்றாள். எனக்குத் தெரியாது, நீ எழுதிக்கொண்டு வா என்றேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பக்கம் எழுதி வந்தாள். இயேசுவைக் கட்டுகிற கயிற்றின் சத்தம் என்று எழுதியிருந்தாள். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது அவனுடைய கூட்டம்தான் என்றும் அடியில் ஒரு வரி. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைப் பிரசங்கங்களை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை.

இப்போது ஓடுகிற வழக்கு யூதாஸ். ஒரு பையன் யூதாஸாக நின்று எழுத வேண்டும் என்கிறான். அவன் அம்மா கூடாது என்கிறார், வீட்டில் அந்தப் பேரை எழுதவே விடமாட்டேன் என்கிறார். சபை ஐயரிடம் கேட்டேன். குருத்தோலை ஞாயிறு கழியட்டும், பார்க்கலாம் என்றார். பையன் அதற்குள் முப்பது வெள்ளிக்காசையும் நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்துவிட்டான். ஒவ்வொன்றுக்குள்ளும் எதை வாங்கலாம் என்று எழுதிக்கொண்டு வருகிறான். நேற்றுப் பார்த்தபோது பதினாறாவது காசில் சைக்கிள் இருந்தது.